துரைப் பழம்

"மரத்தையும் கொண்டு போகணும்" என்று அம்மா சொன்னபோது நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். எந்த மரம் என்று கேட்கவில்லை. எட்டு வீடு ஒரே கூரையில் ஒட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்பது ஒரே ஒரு மரம், பேரிக்காய் காய்க்கும் பியர்ஸ் மரம்.

"லொறி சொல்லவா, ஹெலிகொப்டர் சொல்லவா?" என்றேன்.

"கிண்டல் பண்ணுடி. கம்பஸ்ல அதத்தானே படிச்சிட்டு வந்த."

விஷயம் இதுதான். ஆடி மழையில் லயத்துக்குப் பின்னால் மேடு பிளந்துவிட்டது. கை நுழையும் அளவு வெடிப்பு, எட்டு வீட்டு நீளத்துக்கும், பியர்ஸ் மரத்தின் அடியை உரசிக்கொண்டு போனது. வந்து பார்த்த அதிகாரிகள் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு குறி போட்டார்கள். தை முடிவதற்குள் எல்லாரும் மேலே புது வீட்டுத் திட்டத்துக்குப் போய்விட வேண்டும். போன பிறகு ஜேசிபி வந்து லயத்தை இடிக்கும், மேட்டைப் படி படியாக வெட்டும். மரம் நிற்பது அந்த மேட்டில். ஆகவே மரமும் காலி.

புது வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி, தனிக் கக்கூஸ், தனிக் கேட். லயமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்மாவுக்கு மட்டும் இந்த மரம். முழு மரம் வராது என்று அம்மாவுக்கும் தெரியும். அதிலிருந்து ஒரே ஒரு கன்று, உயிரோடு, அந்த ஏழு பேர்ச்சில் நிற்க வேண்டும். கையில் இருந்தது ஆறு மாதம்.

மரத்தை நட்டவர் அப்பா. அப்பா செத்தது அதற்கு ஐந்து மாதம் முன்னால், மாசியில். நெஞ்சு வலி என்று தலவாக்கலை ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் அதே வேனில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு பஸ் ஏறினேன். ஹட்டனில் இறங்கி இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். சூடாக, நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து எல்லாரும் சத்தம் கூட்டி அழுதார்கள். நான் உள்ளே போய் பிளேன்டி கப்புகளைக் கழுவ ஆரம்பித்தேன். நிறையக் கப்புகள். கருமாதி அன்றும் கழுவினேன். அழுகை இப்போது வரும், இதோ வரும் என்று பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நாளில் நிற்பதையும் விட்டுவிட்டேன். கம்பஸ் கூட்டாளிகள் 'ஸ்ட்ரோங்கா இரு' என்று வாய்ஸ் போட்டார்கள். ஸ்ட்ரோங் எல்லாம் ஒன்றும் கிடையாது. சும்மா இருந்தேன்.

அம்மாவும் பெரிதாக அழவில்லை. மூன்றாம் வாரம், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அப்பாவுக்குத் துரை பங்களாவில், அதாவது தேயிலைத் தோட்ட மனேஜர் வீட்டில், பூந்தோட்ட வேலை. பங்களா வாசலில் வெள்ளைக்காரன் காலத்துப் பியர்ஸ் மரம் ஒன்று. பழம் கை நிறைய இருக்கும், மஞ்சளாக, கடித்தால் முழங்கை வரைக்கும் சாறு வழியும் என்பார்கள். நான் கடித்ததில்லை. வேலைக்காரர் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. நான் பிறந்த வருடம் அப்பா அந்த மரத்தின் காலடியில் முளைத்து நின்ற ஒரு கன்றை வேரோடு பிடுங்கி, கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் நட்டார். நட்டதோடு விட்டிருக்கலாம். "துரைக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. இன்னும் கொஞ்ச வருசத்துல இந்த லயமே துரைப் பழம் திங்கும் பாரு" என்று எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஏழெட்டு வருடம் கழித்துக் காய்த்தது. எலுமிச்சை அளவு. பச்சை. அது பழுத்து யாரும் பார்த்ததில்லை. கடித்தால் பல்லுக்கு நடுவில் மணல் நெரிபடும். கிளையில் முள் வேறு. பக்கத்து வீட்டு மாமாவுக்கு அன்றிலிருந்து கொண்டாட்டம்தான்.

"மச்சான், துரைப் பழம் ஒண்ணு குடுங்களேன்."

"எதுக்கு?"

"கதவு காத்துல ஆடுது. அடியில வைக்கணும்."

அப்பா அசரவே மாட்டார். ஒவ்வொரு சீசனும் நாலைந்து காயைப் பறித்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மெல்லிசாக நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு ஒன்று விடாமல் தின்பார். "இந்த வருசம் லேசா இனிக்குது" என்பார். எல்லா வருடமும் லேசாக இனித்தது. மிச்சத்தை அம்மா அச்சாறு போடுவார். வினிகரில் ஊறினால் அந்தக் காயும் கொஞ்சம் மனிதத்தன்மைக்கு வரும்.

அந்த மரத்திலிருந்துதான் கன்று வேண்டும்.

அம்மாவுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகத் தோட்டத்து நர்சரியில் வேலை. தேயிலைக் கன்று போடுவதில் அம்மாவின் கைக்கு ராசி உண்டு என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவே சொல்வார். கிளையிலிருந்து ஓர் இலை, அதோடு ஒட்டிய ஒரு துண்டுத் தண்டு, சாய்வாக ஒரு வெட்டு, பையில் மண், நிழல், பொலித்தீன் கூடாரம். அம்மாவின் கணக்கில் செடி என்றால் தேயிலை, மற்றதெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். ஆவணியில் ஒரு காலைப் பனியோடு மரத்தில் கைக்கு எட்டிய கொப்பை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்து, நாற்பது பைகளில் நாற்பது இலை வைத்தார். தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் மூங்கிலை வளைத்துச் சின்னக் கூடாரம். மேலே நிழலுக்குக் காட்டுப் பன்ன இலை.

"தேயிலைக்கு வர்றது இதுக்கு வருமா?" என்றேன்.

"ஏன் வராது? இதுவும் எலதானே."

இருக்கிற புத்தியில் நான் யூடியூப் பார்த்தேன். ஒருவர் கற்றாழைச் சாறு தடவச் சொன்னார், இன்னொருவர் தேன், இன்னொருவர் கறுவாத் தூள். மூன்றையும் தடவினேன். எறும்பு வந்தது.

ஆனாலும் இலை வாடவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம், பச்சையாகவே நின்றது. சிலதில் கக்கத்தில் மொட்டுக்கூட வெடித்தது. அம்மா வேலை விட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், கூடாரத்தைத் தூக்கிப் பார்ப்பார். பக்கத்து வீட்டு மாமா வந்து எட்டிப் பார்த்து, "நாப்பது மரமா? மதினி, ஊருக்கே கதவு நிப்பாட்டப் போறீங்க" என்றார். அம்மா சிரித்தார். எனக்கும் அது வந்துவிடும் என்றே பட்டது.

ஐப்பசியில் அம்மா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். மண் உதிர்ந்தது. அடியில் வெள்ளையாக ஒரு சின்ன வீக்கம், அவ்வளவுதான். இன்னொன்று. அதுவும் அப்படியே. பத்தாவதுக்குப் பிறகு நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். மேலே அழகான இலை, கீழே மொட்டைத் தண்டு. சிலது கறுத்திருந்தது. நாற்பதில் ஒன்றிலும் வேர் இல்லை.

"எட்டு வாரமா எத வச்சு பச்சையா நின்னுச்சு?" என்று அம்மா கேட்டார். என்னைக் கேட்கவில்லை, இலையைக் கேட்டார்.

நான் கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்து என் திட்டம். பியர்ஸை இலையில் எடுக்க முடியாது, ஒட்டுத்தான் கட்ட வேண்டும் என்று நெட்டில் கண்டுபிடித்தேன். கீழே வேறொரு பியர்ஸ் கன்று வேண்டும், அதன் மேல் நம் மரத்துக் குச்சியைச் செருகிக் கட்ட வேண்டும். சரி, கன்றுக்கு எங்கே போவது? வலப்பனைப் பக்கம் கன்று விற்கும் ஒருவருடைய நம்பர் கிடைத்தது. சிங்களவர். என் சிங்களம் பஸ் சிங்களம். இறங்கணும், மீதி தாங்க, தள்ளி நில்லுங்க, அதோடு சரி. பியர்ஸுக்குச் சிங்களத்தில் என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை, ஏனென்றால் நான் படித்தவள். வெண்ணெய்ப் பழத்தை அவர்கள் 'அலிகெட்டபேர' என்பார்கள். இங்கிலீஷில் அதே பழத்துக்கு அலிகேட்டர் பியர் என்றும் ஒரு பெயர். ஆகவே பேர என்றால் பியர். போனைப் போட்டு, "பேர பெல தஹயக் ஓன" என்றேன். பேரக் கன்று பத்து வேண்டும். அந்த மனிதருக்குச் சந்தோஷம். நல்ல சாதி, பெரிய பழம், சீக்கிரம் காய்க்கும் என்றார்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்தது. கொண்டக்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இந்தக் குளிர்ல இது வருமா தங்கச்சி?" என்று கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லயத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து திறந்தேன். பக்கத்து வீட்டு மாமா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார்.

"பாப்பா, இது கொய்யால்ல?"

சிங்களத்தில் பேர என்றால் கொய்யா. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"பரவால்ல" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொய்யா மேல துரைப் பழத்த ஒட்டிப் பாரு. உள்ள கல்லு, வெளிய வெத."

அம்மா பத்துக் கன்றில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைக் கோயிலில் வைத்தார். அன்று சோறு போடும்போது கேட்டார். "தைக்கு இன்னும் எத்தன வாரம் இருக்கு?"

"ஒன்பது."

"ம்."

கொய்யாவுக்குப் பிறகு எனக்கு வாய் கொஞ்சம் அடங்கியது. மார்கழி தொடக்கத்தில் நுவரெலியாவில் விவசாய ஆபீசுக்குப் போனேன். பழ சீசன் முடிந்துவிட்டது, காட்டுவதற்குக் காய் இல்லை. ஆகவே ஒரு முள் கொப்பும் ஓர் அச்சாறு போத்தலும் கொண்டுபோனேன். அங்கே ஆலோசனை சொல்லும் போதனாசிரியர் ஒரு சிங்கள மிஸ், தமிழ் நன்றாகவே பேசினார், தங்கச்சி என்பதற்கு மட்டும் நங்கி என்றார். கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போத்தலைத் திறந்து இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டார், இன்னும் ஒன்று போட்டார்.

"நல்லா இருக்கு நங்கி. ஆனா இது பழம் இல்ல. கன்னு எங்க எடுத்தது?"

"பங்களாவுல ஒரு நல்ல மரம் இருக்கு மிஸ். அதோட அடியில இருந்து அப்பா புடுங்கிட்டு வந்தாரு."

"அடியிலன்னா? மண்ணுக்குள்ள இருந்து வந்ததா?"

"ம்."

மிஸ் ஒரு தாளை எடுத்து மரம் ஒன்று வரைந்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்கே கோடு போட்டார்.

"பியர்ஸ் மரம் ஒரு ஆள் இல்ல, ரெண்டு ஆள். இந்தக் கோட்டுக்குக் கீழ காட்டு ஜாதி. வேர் பலம், பழம் மோசம். மேல நல்ல ஜாதி. ரெண்டையும் இங்கதான் ஒட்டுறது. உங்க அப்பா கொண்டு வந்தது கீழ் ஆள். மேல் ஆள் இன்னும் பங்களாவுலதான் நிக்குது."

நான் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நட்டு இருபத்திரண்டு வருடம். உப்பு, மிளகாய்த் தூள், லேசா இனிக்குது.

"எனக்கு அதுலதான் ஒரு கன்னு வேணும் மிஸ்."

"அது லேசு. ஒட்டவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இது வேர்ல இருந்து தானா வரும். வேணாம்னாலும் வரும், எல்லாரும் வெட்டித்தான் வீசுறது. இப்ப இல கொட்டுற காலம், வேரோட தோண்டி நடுங்க. ஒரு வருசம் போகட்டும். அடுத்த தைக்கு வாங்க, நல்ல ஜாதிக் குச்சி தாறேன், அது மேல ஒட்டுங்க. அப்ப சரியான பழம் வரும்."

பஸ்ஸில் வரும்போது இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டும் என்று தெரிந்தது, யோசனைதான் வரவில்லை. வீட்டுக்குள் காலை வைத்ததும் சொன்னேன்.

"அம்மா, அது காட்டு மரமாம். அப்பா தப்பான எடத்துல புடுங்கிட்டாரு."

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"மொதக் காய் காச்ச வருசமே உங்கப்பா பங்களா மரத்துக்கு அடியில போய் குந்தி உக்காந்து பாத்துட்டு வந்தாரு. ஒட்டுன தழும்பு இருக்காம். அதுக்குக் கீழ இருந்து புடுங்கிட்டேன் புள்ளன்னாரு."

"பெறகு எதுக்கு வருசா வருசம் இனிக்குது இனிக்குதுன்னு தின்னாரு?"

"எட்டு வீட்டுலயும் சொல்லிட்டாருல்ல."

ரொட்டியைத் திருப்பிப் போட்டார். நான் மிஸ் சொன்ன மற்றதையும் சொன்னேன், வேரிலிருந்து தானாக வருமாம் என்று.

"அது வரும், மாசம் ஒருக்கா உங்கப்பா கவ்வாத்துக் கத்தியால வெட்டி விடுவா..." என்று தொடங்கிய அம்மா, கையில் ரொட்டியோடு நின்றுவிட்டார்.

இரண்டு பேரும் பின்பக்கம் போனோம். குளிக்கிற இடத்துக்கும் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில், மரத்திலிருந்து பத்தடி தள்ளி, முழங்கால் உயரத்தில், சிலது இடுப்பு உயரத்தில், முள்ளும் குச்சியுமாக நின்றன. பதினொன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த குச்சிகள். அந்த மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். மாசியிலிருந்து தினமும் அதற்குள் நின்று போன் பேசியிருக்கிறேன். ஒன்றில் துவாயைக் காயப் போடுவேன். ஒன்று என் நல்ல சுடிதாரைக் கிழித்தது, அதற்கு நான் கெட்ட வார்த்தைகூடச் சொல்லியிருக்கிறேன். அம்மா நாற்பது இலை வைத்து, நான் பத்துக் கொய்யா வாங்கி, இது முழுக்க இங்கேயே நின்றிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட நின்றிருக்காது.

ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். குளிரில் கைதான் விறைத்தது. போய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இப்ப வேணாம்" என்றார் அம்மா. "முழுசா இல கொட்டட்டும்."

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் தோண்டினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். தாய் வேரின் இரண்டு பக்கமும் வெட்டி, குறுக்கே ஒரு துண்டு வேரோடும் மண்ணோடும் தூக்க வேண்டும். பதினொன்றில் மூன்றுக்குத்தான் சொந்தமாகச் சல்லி வேர் இருந்தது. அந்த மூன்றையும் ஈரச் சாக்கில் சுற்றி, உரப் பையில் போட்டு, அலுமாரியும் டீவியும் போன அதே லேண்ட்மாஸ்டரில் மேலே கொண்டுபோனோம். புது வீட்டுக்குப் பின்னால் குழி. சாணி. பாதி உயரத்துக்கு அம்மா வெட்டிவிட்டார். மூன்று குச்சிகள். நட்டதா, யாராவது சும்மா குத்தி வைத்ததா என்று பார்த்தால் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. மரம் பெரிய சண்டை ஒன்றும் போடவில்லை. ஒரு தள்ளு, வேரோடு சாய்ந்தது. மேலே இருந்து வீடியோ எடுத்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். இரவு காட்டலாம் என்று வைத்திருந்தேன், அம்மா கேட்கவில்லை. பிறகு போனில் இடம் இல்லாமல் அழித்துவிட்டேன்.

மாசியில் அப்பாவுக்கு வருடம் திரும்பியது. வந்த சொந்தக்காரர்கள் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் மூன்று காய்ந்த குச்சி எதற்கு என்று கேட்டார்கள். "கொடி கட்ட" என்றேன். நான் கப்புகளைக் கழுவினேன். அம்மா தினமும் காலையில் போய் ஒவ்வொரு குச்சியிலும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. முதல் குச்சி மாசிக் கடைசியில் பழுப்பாகிவிட்டது. பங்குனியில் இரண்டாவது. மூன்றாவதன் நடுவில் ஒருநாள் ஒரு மொட்டு பிளந்து, மடித்த தாள் மாதிரி ஓர் இலை வெளியே வந்தது.

அம்மா குனிந்து பார்த்தார். தண்டைப் பிடித்து லேசாக மேலே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"வந்திருச்சு. வேர் புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று வேலைக்கு ஓடினார்.

இது போன வருடம். இந்தத் தையில் குச்சி பென்சிலைவிடத் தடிமன், என் இடுப்புக்கு மேல். நுவரெலியாவில் மிஸ் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. நல்ல சாதியில் நான்கு குச்சிகளை ஈரப் பேப்பரில் சுற்றித் தந்தார். நாலைந்து நாளைக்குள் ஒட்டிவிடச் சொன்னார். இங்கேயும் பக்கத்து வீடாக வந்துவிட்ட மாமாவின் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

"சனிக்கிழம நீ வீட்டுலதானே. ஒட்டிரு" என்றார் அம்மா.

"உங்களுக்கு அந்தக் காய்தானே வேணும்? அதுக்குத்தானே இவ்வளவும்."

"யாருக்கு வேணும் அந்தக் கருமம்? கன்னு உசுரோட வரணும்னு சொன்னேன், வந்திருச்சு. இனி மேல ஒட்டுனா என்ன? அடியில அவரு மரந்தானே நிக்கும். பழம் நல்லதா காய்க்கட்டும், திங்கலாம்."

அம்மா சொல்வது சரி. மிஸ் வரைந்த படத்திலும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போன பிறகு பிளேடு, டேப், குச்சிகளோடு பின்பக்கம் போனேன். வீடியோ மனப்பாடம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, குறுக்கே ஒரே வெட்டு. மேலே இருப்பதை வீசிவிட வேண்டும். மொட்டைத் தண்டைப் பிளந்து, புதுக் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, காற்றுப் போகாமல் டேப் சுற்ற வேண்டும். பத்து நிமிட வேலை.

பிளேடைத் தண்டில் வைத்தேன். கை அழுத்தவில்லை. அழுகை எல்லாம் ஒன்றும் வரவில்லை. நெஞ்சு அடைக்கவும் இல்லை. கைக்கு நான் சொன்னேன், அது கேட்கவில்லை, அவ்வளவுதான். கால் மரத்துப்போகும் வரைக்கும் குந்தி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ கேட்டார், என்ன கேட்டார் என்று நினைவில்லை. பிறகு எழுந்து, நான்கு குச்சிகளையும் உடைத்து, கீழே தேயிலைக்குள் வீசிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அம்மா படங்கை அவிழ்க்காமல் நேரே பின்பக்கம் போய்விட்டு உள்ளே வந்தார்.

"ஒட்டலையா?"

"குச்சி காஞ்சிருச்சும்மா."

"ஃப்ரிட்ஜில வச்சதா?"

"கரண்ட் போயிருக்கும்."

"கரண்ட் எங்க போச்சு?"

நான் கேத்தலில் தண்ணீர் ஊற்றினேன். அம்மா படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"சரி, மிஸ்கிட்ட அடுத்த தைக்கும் சொல்லி வை" என்றார். "அதுக்குள்ள வேர்ல இருந்து முள்ளா கெளம்பும். அத மட்டும் மாசம் ஒருக்கா வெட்டி விட்டுரு."

"சரி" என்றேன்.